எடை குறைந்த பாணும் நாணயம் குறைந்த பெயரும்

பாணைப் பற்றியுமா ஓர் இலக்கியத் திங்களேடு கட்டுரை வெளியிட வேண்டும் என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. புறநானூற்றிலே சோறு வரலாம். புராணத்திலே அமுது வரலாம். ஆனால், விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பும் மீனவனும், வெங்காயத் தோட்டத்திலே நாட்கூலிக்குக் குனியும் பெண்ணும், வெறுவயிற்றோடு பள்ளிக்கூடம் புறப்படும் அவர்களுடைய பிள்ளையும் பிய்த்துத் தின்னும் பாண் மட்டும் நம் சிந்தனைக்குத் தகாத பொருளாகிவிடுமோ? மக்கள் எதை உண்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள், அதிலே யார் கைவைக்கிறார்கள் என்று கேளாத எழுத்து, மக்களுக்காக எழுதப்படுவதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

எங்கள் ஊரிலே ஒரு பேக்கரி உண்டு. அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தனிமனிதரைச் சந்தியிலே நிறுத்திக் கல்லெறிவது என் நோக்கமன்று. தவிரவும், குடாநாட்டின் எந்தச் சந்தியிலும் நின்று, அங்குள்ள பழைய பேக்கரியின் பெயரை இக்கதையிலே இட்டுப் படித்தாலும் கதை பெரிதும் மாறாது என்றே அஞ்சுகிறேன்.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே, கோழி கூவுமுன் எழுந்து பாண் வரிசையிலே நின்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். வரிசை நீண்டிருக்கும், பனியிலே கால் விறைக்கும், ஆயினும் போறணையின் வாயிலிருந்து வரும் அந்த மணம், நின்ற களைப்பையெல்லாம் மறக்கச் செய்யும். கையிலே கிடைத்த பாண் கனமாக இருக்கும். மேற்றோல் மொறுமொறுவென்றும், உள்ளே ஈரப்பதத்தோடும் இருக்கும். பத்திரிகைத் தாளிலே சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். வீடு போய்ச் சேருமுன் ஒரு மூலை காணாமற் போயிருக்கும். அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடிகூட இன்று இனிமையாகவே நினைவிலிருக்கிறது.

பின்னர் 1990 வந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் அறுந்தது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் தடைக்குள்ளாகிய பண்டங்களாயின. நான் அப்போது இளம் ஆசிரியன். அந்நாட்களிலே அப்பேக்கரியின் மா கையினாலே பிசையப்பட்டது. போறணை வழக்கம்போல விறகினாலே எரிந்தது. மா கிடைக்காத நாளிலே கதவில் ஒரு மட்டைத்துண்டு தொங்கும்: “இன்று மா இல்லை. பாண் இல்லை.” மா கிடைத்த நாளிலோ, பாண் முழு றாத்தலாக இருக்கும். அரைப் பங்கு மாவிலே முழுப்பாண் சுடும் வித்தையை அவர்கள் அறியாதவர்களல்லர். அன்று அப்படிச் சுட்டிருந்தாலும் கேட்பார் இருந்திருக்க மாட்டார். எதைக் கொடுத்தாலும் வாங்கும் நிலையிலேயே நாங்கள் இருந்தோம். ஆயினும் அவர்கள் அதைச் செய்யவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தப் போறணையும் அணைந்தது. அடுத்த ஆண்டு மக்கள் திரும்பி வந்தபோது எங்கள் ஊரிலே முதலிற் புகைந்த புகைபோக்கிகளுள் அதுவும் ஒன்று. அப்புகையைக் கண்டபோது, ஊர் பிழைத்துவிட்டது என்று நினைத்தோம்.

இப்போது அப்பேக்கரிக்கு என்ன குறை? 2009இற்குப் பின் பாதை திறந்தது. மா வருகிறது, மின்சாரம் வருகிறது, பிசையும் இயந்திரமும் வந்துவிட்டது. முகப்பிலே ஒளிவிளக்குப் பெயர்ப்பலகை. உள்ளே கண்ணாடிப் பெட்டிகள். அவற்றிலே நீலமும் சிவப்பும் பூசிய கேக்குகள். ஒரு கடை மூன்று கடையாயிற்று. பாணுக்கு மட்டும் மூலையிலே ஓர் இடம். அதைக் கையில் எடுத்தால் எடுத்த உணர்ச்சியே இல்லை. மேற்றோல் ஈரத்தாள் போலத் தொய்கிறது, உள்ளே காற்று. சம்பலைத் தொட்டுத் தின்னப் பிய்த்தால் உதிர்கிறது. மறுநாட் காலையிலே தவிடு. ஆனால் பெயர் அதே பெயர். பலகையிலே தொடங்கிய ஆண்டையும் பெருமையோடு பொறித்திருக்கிறார்கள்.

ஒருநாள் சமையலறைத் தராசிலே நிறுத்துப் பார்த்தேன். சட்டம் சொல்லும் எடை அதிலே இல்லை. மற்றொரு நாளும் நிறுத்தேன், அன்றும் இல்லை. கடைக்குப் போய் இளைய முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். “மாஸ்ரர், நீங்கள் இன்னும் பழைய காலத்திலை நிக்கிறியள். இப்ப ஆர் பாணை நிறுத்து வாங்கினம்?” என்றார்.

இந்த ஒரு கேள்வியிலே முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. பஞ்சத்திலே குறையாத எடை, பண்டம் மலிந்த காலத்திலே குறைந்தது ஏன்? தடைக்காலத்திலே காப்பாற்றப்பட்ட நாணயம், தடை நீங்கிய காலத்திலே காணாமற் போனது ஏன்? இதற்கு விடை காண்பதே நம் கடமை.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். ஒரு றாத்தல் பாண் என்பது 450 கிராம். அரை றாத்தல் 225 கிராம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2024 பெப்ரவரியிலே இதனை வர்த்தமானி வாயிலாக மீண்டும் உறுதிசெய்தது. ஒரு பாணிலே 13.5 கிராம் வரையிலான குறைவு மட்டுமே பொறுக்கப்படும். அதாவது நூற்றுக்கு மூன்று. வேகும்போது நீராவி போகும், ஆறும்போது ஈரம் வற்றும் என்பவற்றுக்கெல்லாம் அந்த மூன்று விழுக்காட்டிலே இடமுண்டு. அதற்கு மேல் குறைவது அடுப்பின் செயலன்று, முதலாளியின் செயல். ஒரு பாணிலே 50 கிராம் குறைகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலே அது தெரியாது. ஆயிரம் பாணிலே அது 50 கிலோ. அதனை 450 கிராமால் வகுத்தால் 111 பாண். அதாவது, ஆயிரம் பாண் விற்கும் ஒருவர், சுடாத 111 பாணுக்கும் விலை பெறுகிறார். இது எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. இதே கணக்கை நாம் வகுப்பறையிலே கரும்பலகையில் எழுதி, மாம்பழத்தையும் பென்சிலையும் உதாரணம் காட்டிக் கற்பிக்கிறோம். நம் வீட்டு மேசையிலுள்ள பாணை மட்டும் உதாரணம் காட்டுவதில்லை.

விலையேற்றத்துக்கும் எடைக்குறைப்புக்கும் ஒரு வேறுபாடுண்டு. விலையேற்றம் பகிரங்க எதிரி. 1953இலே அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12இல் நாடு ஹர்த்தாலில் இறங்கியது. அவ்வாண்டு முடியுமுன் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். 45 சதம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே மக்கள் எழுந்தார்கள். அதே அரசாங்கம் விலையை விட்டுவிட்டுப் படியின் அடியை உயர்த்தியிருந்தால் ஹர்த்தால் நடந்திருக்குமா? எடைக்குறைப்பு ஒளிந்திருந்து அடிக்கும் விலையேற்றம். பத்திரிகையிலே செய்தி வராது. சங்கம் கூடி அறிக்கை விடாது. இரவிலே மா உருண்டையிலிருந்து ஒரு பிடியைக் கிள்ளி எடுக்கும் கை ஒன்றே அதற்குப் போதும்.

“மா விலை ஏறிவிட்டதே, மின்கட்டணம் ஏறிவிட்டதே, நாங்கள் என்ன செய்வது?” என்பார்கள். இதிலே உண்மை இல்லாமலில்லை. 2022இன் நெருக்கடியிலே சிறிய பேக்கரிகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். நமது மண்ணிலே கோதுமை விளைவதில்லை. பாணும் போறணையும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். கோதுமை மாவையோ நம் தாய்மார் இன்றும் ‘அமெரிக்கன் மா’ என்றே சொல்கிறார்கள்; எந்தக் கப்பலிலே வந்தது என்பதை அந்தச் சொல் மறக்கவில்லை. 1980இலே திருகோணமலையில் பிறீமா ஆலை அரைக்கத் தொடங்கியது. இன்று இந்தத் தீவின் மாவிலே பெரும்பகுதி இரண்டு பெரிய ஆலைகளின் கையிலே இருக்கிறது. அவை விலையை உயர்த்தினால் எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரர் எதிர்த்துப் பேச வழியில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மேலேயுள்ளவன் தன்னை அழுத்துகிறான் என்பதற்காகக் கீழேயுள்ளவனை ஏமாற்றும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? செலவு ஏறினால் விலையை ஏற்றுங்கள். ஏன் ஏற்றினீர்கள் என்று நாங்கள் கேட்போம், நீங்கள் விடை சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து ஆலையைக் கேட்போம். எடையைக் குறைக்கும்போது அந்த உரையாடலுக்கே இடமில்லாமற் போகிறது. ஆலைக்கு எதிராக உங்களோடு நிற்க வேண்டியவனையே நீங்கள் களவு கொடுத்தவனாக்கிவிடுகிறீர்கள்.

எடை மட்டுமா குறைந்தது? சுவையும் குறைந்தது. மா, நீர், உப்பு, நொதி ஆகிய நான்கும் சேர்ந்தால் மட்டும் பாண் ஆகிவிடுவதில்லை. ஐந்தாவதாக நேரம் வேண்டும். பிசைந்த மா மணிக்கணக்கிலே கிடந்து புளித்துப் பொங்கவேண்டும். மணமும் சுவையும் அந்தப் பொறுமையிலேதான் பிறக்கின்றன. நேரம் பணமாகிய உலகிலே அந்தப் பொறுமை செலவாகிவிட்டது. 1961இலே இங்கிலாந்தின் சோளிவூட் என்னும் ஊரிலுள்ள ஆய்வுநிலையத்திலே ஒரு முறையைக் கண்டார்கள். இயந்திரத்தைக் கொண்டு மாவைச் சில நிமிடங்கள் கடுமையாக அடித்து, நொதியையும் கொழுப்பையும் கூட்டி, மணிக்கணக்கான புளிப்பை வெட்டிவிட்டார்கள். அந்நாட்டின் பாணிலே பெரும்பகுதி அம்முறைக்கு மாறியது. அந்தப் பெரிய இயந்திரங்கள் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சிந்தனை வந்துவிட்டது. ‘இம்புறூவர்’ என்னும் தூள் பைகளாக வந்தது. புளிக்கவேண்டிய மாவை அது அவசரமாக உப்பவைக்கிறது. உப்பிய பாண் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், தராசுக்குத் தெரியாது. இயந்திரத்தை நான் குறை கூறவில்லை. நாற்பது றாத்தல் மாவைக் கையாலே பிசைந்தவனின் தோள்வலியை அறிந்த எவனும் இயந்திரத்தைப் பழிக்கமாட்டான். அந்த இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் மாவுக்குப் போகவில்லை. தொழிலாளியின் உறக்கத்துக்கும் போகவில்லை. அதுவே என் குற்றச்சாட்டு.

தொழிலாளியைச் சொன்னேன். பாணின் தரத்தைப் பற்றிப் பேசும் நம்மிலே எத்தனைபேர் போறணைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறோம்? ஊர் உறங்கும்போது வேலை தொடங்கும். வெக்கையிலே வேர்வை ஒழுகும். விடியும்போது பாண் வெளியே போகும், அவன் சாக்கை விரித்துப் படுப்பான். “இப்ப வேலைக்கு ஆக்கள் இல்லை” என்று முதலாளிகள் அலுத்துக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் நெருப்பின் முன் நிற்க, ஊழியர் சேமலாப நிதியும் இல்லாமல், கடிதமும் இல்லாமல், நாட்கூலிக்கு ஏன் ஓர் இளைஞன் வரவேண்டும்? கைதேர்ந்தவன் கொழும்புக்கோ கடல்கடந்தோ போய்விடுகிறான். அவனுடைய இடத்திலே, மா புளித்ததா இல்லையா என்று விரலாலே அழுத்திப் பார்க்கத் தெரியாத சிறுவன் நிற்கிறான். கைத்திறனுக்குக் கூலி கொடுக்க மறுத்தவர்கள், அதற்குப் பதிலாகத் தூளை வாங்குகிறார்கள்.

இது புதிய கதையன்று. 1862இலே இலண்டன் பேக்கரித் தொழிலாளரின் குறைகளை விசாரித்த அரச ஆணையாளர் திறெமன்ஹீர் என்பவரின் அறிக்கையை, கார்ல் மார்க்ஸ் 1867இலே வெளியான ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் பற்றிய அதிகாரத்திலே எடுத்தாள்கிறார். அங்கே இருவகைப் பேக்கரிக்காரர் வருகிறார்கள்: முழுவிலைக்கு விற்பவர், விலையைக் குறைத்து விற்பவர். குறைத்து விற்பவரின் பாணிலே படிகாரமும் மணலும் கலந்திருந்தன. அவருடைய தொழிலாளியோ இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி மறுநாள்வரை உழைத்தான். மார்க்ஸ் கண்ட உண்மை எளிது: கெட்ட பாணும் கொடிய உழைப்பும் ஒரே போறணையிலே வெந்தவை. உண்பவனை ஏமாற்றும் கையும் உழைப்பவனைப் பிழியும் கையும் ஒன்றே. 1863இலே பேக்கரிச் சட்டம் வந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோரை இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை வேலைவாங்குவதைத் தடுத்தது. தொழிலாளர் கிளர்ந்தெழுந்ததனாலேயே அந்த விசாரணையும் சட்டமும் வந்தன. முதலாளிகளின் மனம் இளகியதனால் அன்று.

இந்த இடத்திலே, ‘அந்தக் காலத்துப் பாண்’ என்று பெருமூச்சுவிடும் என் வயதுத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலம் யாருக்குப் பொற்காலம்? நமக்கு மணம் வீசிய அதே நாட்களிலே, குடாநாட்டின் தேநீர்க்கடைகளிலே ஒரு சாராருக்கு இருக்கை இல்லை. அவர்களுக்குத் தேநீர் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊற்றப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலே நிறைவேறிய பின்னரும் அது நின்றுவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இலே சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க்கடை வாசல்களிலே சிந்திய இரத்தமும் அந்தக் கதவுகளைத் திறந்தன. ஆகவே, பழையகாலம் திரும்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய போறணைத் தொழிலாளியின் முதுகிலே ஏறி நின்ற சுவை நமக்கு வேண்டாம். எல்லோருக்கும் திறந்த கதவும், முழு எடையும், உழைப்பவனுக்கு உறக்கமும் ஒருங்கே உள்ள பாண் வேண்டும். அப்படியொரு பாண் நம் ஊரிலே இன்னும் சுடப்படவில்லை.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். அந்த இளைய முதலாளி கேட்டாரே, “ஆர் பாணை நிறுத்து வாங்கினம்?” என்று, அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்தவர்கள் நாமே. நாம் பாணை வாங்கவில்லை, பெயரை வாங்குகிறோம். நல்லூர்த் திருவிழாக் காலத்திலே வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், ‘எங்கடை பேக்கரி’ என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் படம்பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வாங்குவது தங்கள் இளமையை. அதற்கு எடை பார்ப்பதில்லை. தந்தை முப்பது ஆண்டுகள் முழு றாத்தல் கொடுத்துச் சேர்த்த நம்பிக்கையை, மகன் ஒவ்வொரு பாணிலும் ஒரு பிடியாகக் கிள்ளி விற்றுக்கொண்டிருக்கிறார். தமிழிலே நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். ஒன்றைச் செலவிட்டு மற்றதைச் சேர்ப்பதே இன்றைய வணிக இலக்கணமாகிவிட்டது.

மாலையிலே ஒழுங்கைக்குள் ஓட்டோவிலே பாண் வருகிறது. ஒலிபெருக்கியிலே பீத்தோவனின் ‘எலீசுக்காக’ என்னும் பியானோ இசைத்துண்டு கேட்கிறது. ஏழைக் குழந்தைகள் அந்த இசைக்கு ஓடிவருவதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இசை முழுதாக இருக்கிறது. பாண் முழுதாக இல்லை. தேங்காய்ப்பூவும் சம்பலும் இறைச்சிக்கறியும் உள்ள வீட்டுக்கு 50 கிராம் ஒரு பொருட்டன்று. ஒரு பாணை ஐந்தாகப் பிரித்து வெறுந்தேநீரிலே தோய்த்து உண்ணும் வீட்டிலே, அந்த 50 கிராம் கடைசிப் பிள்ளையின் பங்கு.

என்ன செய்யலாம்? ஆசிரியர்களே, மாணவர்களே, இதற்குப் பெரும் புரட்சி வேண்டியதில்லை. முதலிலே ஒரு தராசு வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் கணித வகுப்பிலே ஒரு வாரம், அவ்வூர்ப் பேக்கரிகளின் பாணை நிறுத்துப் பதிவுசெய்யுங்கள். குறைவு தொடர்ந்தால் பதிவோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அலுமாரியிலே உறங்குவதற்காக இயற்றப்படவில்லை. இதனாலெல்லாம் என்ன நடந்துவிடும் என்று கேட்காதீர்கள். 2016இலே தில்லியில் ஓர் ஆய்வு நிறுவனம் கடைப் பாண்களை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட்டது. சில வாரங்களிலேயே இந்திய அரசு பாணிலே பொற்றாசியம் புரோமேற்றுச் சேர்ப்பதைத் தடைசெய்தது. பிரான்சிலே 1993ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, ‘மரபுப் பாண்’ என்ற பெயரிலே விற்பதற்கு உறையவைத்த மாவையும் சேர்ப்புப் பொருள்களையும் பயன்படுத்தக்கூடாதென்று விதித்தது. கேட்கும் மக்கள் இருந்தால் பாணுக்கும் சட்டம் வரும்.

இரண்டாவதாக, எடையைக் கேட்கும் அதே வாயாலே தொழிலாளியின் கூலியையும் கேட்கவேண்டும். கூலியைக் கேளாமல் தரத்தை மட்டும் கேட்பது, அவனுடைய உறக்கத்திலிருந்து இன்னும் ஒரு மணியைப் பிடுங்கித் தரும்படி கேட்பதேயாகும். மூன்றாவதாக, கூட்டுறவு. மூளாயிலே வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக்காட்டிய மண் இது. நம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களால் ஒரு போறணையை நேர்மையாக நடத்த முடியாதா? முழு எடையில் ஒரு பாண் ஊரிலே கிடைக்கத் தொடங்கினால், குறைந்த எடைப் பாண்களெல்லாம் தாமாகவே கனக்கத் தொடங்கும்.

அந்த இளைய முதலாளிக்கும் ஒரு வார்த்தை. உம்மை நான் வெறுக்கவில்லை. உம்முடைய கடையின் பாணை உண்டு வளர்ந்தவன் நான், அதனாலேயே எழுதுகிறேன். ஒளிவிளக்குப் பலகையைக் கழற்றும்படி நான் கேட்கவில்லை. உமது தந்தை தொங்கவிட்ட அந்த மட்டைத்துண்டை மட்டும் நினைத்துப்பாரும். இல்லாததை இல்லை என்று எழுதிவைத்த கடையை ஊர் நாற்பது ஆண்டுகள் நம்பியது. இன்று உமது கடையிலே எல்லாம் இருக்கிறது என்று பலகை சொல்கிறது. நாளை காலை நான் தராசோடு வருவேன். என்னோடு என் மாணவர்களும் வருவார்கள்.